அப்பா ரயில்வேயில் இருந்தவர், அம்மாவுக்கு விடோ பாஸ் எடுக்க வழி சொல்லுங்கள்

ஃபிட்டர் மகன் · நவம்பர் 3, இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். ரயில்வே பென்ஷன்காரர்களோ அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோ இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

அப்பா ரயில் பெட்டிகளைப் பராமரிக்கிற கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் ஃபிட்டர். 1977-இல் சேர்ந்து 2011-இல் ஓய்வு பெற்றார், 34 வருட சர்வீஸ். 2019-இல் தவறிவிட்டார். இருந்தவரை பணம் கட்டாமல் குடும்பத்தோடு ரயிலில் போக வருடத்துக்கு இரண்டு செட் பாஸ் வரும். ஒன்றைக் குலதெய்வம் கோயிலுக்குப் போக எடுப்பார், இன்னொன்றை டிசம்பர் கடைசி வரை இழுத்து வைத்து, விட்டால் போய்விடும் என்று ஓடிப்போய் எழுதி வாங்கி வருவார். அவர் போன பிறகு பாஸும் அவரோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். போன மாதம் பழைய குவார்ட்டர்ஸ் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கல்யாணத்தில் அம்மாவைப் பார்த்து, "நீ விடோ பாஸ் எடுக்கவே இல்லையா?" என்று, ஊழியர் இறந்த பிறகு மனைவிக்குக் கிடைக்கும் பாஸைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அப்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது.

ஆபீஸுக்குப் போனேன். இப்போது எல்லாம் ஆன்லைன், ரயில்வே ஊழியர்களுக்கான எச்ஆர்எம்எஸ் தளத்தில் போய்ப் போடுங்கள் என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவின் பிஎஃப் நம்பரைப் போட்டால் ஓடிபி போகிறது, ஆனால் அப்பாவின் பழைய நம்பருக்குப் போகிறது. அந்த சிம்மை 2020-லேயே விட்டுவிட்டோம். இப்போது அந்த நம்பர் யாரிடம் இருக்கிறதோ.

அம்மாவுக்கு 71 வயது. காசிக்குப் போக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ரிட்டயர் ஆனதும் பாஸில் கூட்டிப் போகிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் அவருக்கு முழங்கால் போய்விட்டது. டிக்கெட் எடுத்துக் கூட்டிப் போக என்னால் முடியும். ஆனால் அம்மா, "அவர் பாஸ்ல போனா அவரே கூட்டிப் போன மாதிரி" என்கிறாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

பொன்மலை ஓய்வு · நவம்பர் 3, இரவு 11:15

தம்பி, முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் அம்மாவுக்குப் பாஸ் உண்டு, சந்தேகமே வேண்டாம். நான் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 39 வருடம் இருந்து 2010-இல் வெளியே வந்தவன், இந்த விஷயத்தில் பல வீட்டுக்கு அலைந்திருக்கிறேன்.

உங்கள் அப்பா மாதிரி ஆபீசர் அல்லாத குரூப் சி-யில் 25 வருடத்துக்கு மேல் சர்வீஸ் போட்டு ரிட்டயர் ஆனவருக்கு வருடத்துக்கு 2 செட். 20-லிருந்து 25-க்குள் என்றால் 1 செட். ஒரு செட் என்றால் போக ஒன்று, வர ஒன்று. அவர் இறந்த பிறகு மனைவிக்கு அதில் பாதி. அதாவது உங்கள் அம்மாவுக்கு வருடம் 1 செட். அவருக்கே 1 செட்தான் இருந்தது என்றால் மனைவிக்கு ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் வரும்.

இந்த விடோ பாஸ் 1987 மார்ச்சில்தான் வந்தது. அதற்கு முன்னால் ஆள் போனால் பாஸும் போச்சு. என் பெரியப்பா ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர், 1981-இல் இறந்தார். பெரியம்மா அதற்கப்புறம் திருச்சியை விட்டு நகரவே இல்லை. அதனால் இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

2019-லிருந்து எடுக்காமல் விட்ட வருடங்கள் திரும்பி வராது. காலண்டர் வருடக் கணக்கு, டிசம்பர் 31 தாண்டினால் அந்த வருடத்துப் பாஸ் போனதுதான். ஆனால் டிசம்பருக்குள் எடுத்துவிட்டால் பயணம் அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம். உங்கள் அப்பா டிசம்பரில் ஓடியது அதனால்தான். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் ஓடினோம்.

அரக்கோணம் செல்வி · நவம்பர் 4, காலை 6:50

நான் ரிசர்வேஷன் கவுன்டரில் 31 வருடம் உட்கார்ந்தவள். ஓடிபி விஷயத்துக்கு வருகிறேன்.

எச்ஆர்எம்எஸ் இ-பாஸ் 2020 நவம்பரில் தொடங்கியது. ரயில்வேயின் கம்ப்யூட்டர் நிறுவனமான கிரிஸ் செய்த மென்பொருள். அதற்கு முன் ரோஸ் கலர் காகிதத்தில் பாஸ் கிளார்க் கையால் எழுதிக் கொடுப்பார், அதைக் கவுன்டருக்கு எடுத்து வருவார்கள், நாங்கள் நம்பரைப் பதிந்து சீட்டு போட்டு, பாஸின் பின்னால் குறித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். இப்போது மொபைலிலேயே விண்ணப்பித்தால் ஒரு நம்பர் வரும். அதை வைத்து ஐஆர்சிடிசி-யிலும் எடுக்கலாம், கவுன்டரிலும் எடுக்கலாம். இரண்டு இடத்திலும் ஓடிபி கேட்கும். ஆகவே மொபைல் நம்பர் சரியாக இல்லையென்றால் எதுவுமே நடக்காது.

நீங்கள் வீட்டிலிருந்து எத்தனை முறை முயன்றாலும் பயன் இல்லை. அப்பா பெயரில் இருக்கும் கணக்கில் அம்மாவின் பெயரும் அம்மாவின் மொபைல் நம்பரும் ஏற வேண்டும், அதை ஆபீஸில்தான் செய்ய முடியும். மறுபடி போங்கள். இந்த முறை "பாஸ் வேண்டும்" என்று கேட்காதீர்கள், கேட்டால் ஆன்லைன் என்று அனுப்பிவிடுவார்கள். "விடோ பாஸுக்காக மொபைல் நம்பர் மாற்ற வேண்டும், குடும்ப விவரம் சேர்க்க வேண்டும்" என்று எழுத்தில் கொடுங்கள். ஃபேமிலி பென்ஷன் பிபிஓ (பென்ஷன் உத்தரவு) நகல், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், அம்மாவின் போட்டோ, எல்லாம் இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகச் சீல் வாங்குங்கள். சீல் இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள், அதைத்தான் முக்கியமாகச் சொல்வேன்.

இன்னொன்று, உங்கள் நம்பரைக் கொடுக்காதீர்கள். அம்மாவிடம் ஒரு சாதாரண பட்டன் போன் இருந்தாலும் போதும், அந்த நம்பரைக் கொடுங்கள். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது அம்மா கவுன்டரில் நின்று உங்களுக்குப் போன் செய்து ஓடிபி கேட்டு, நீங்கள் மீட்டிங்கில் இருந்து, அது காலாவதியாகி... இதைக் கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் சத்தம் போட, அந்த அம்மாக்கள் ஒதுங்கிப் போய்விடுவார்கள்.

கோவைப் பயணி · நவம்பர் 4, காலை 9:20

யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை, மனதில் பட்டதைக் கேட்கிறேன். நான் 38 வருடம் லேத்தில் நின்றவன், தனியார் பட்டறை. எனக்கு 60 வயதுக்கு மேல் ரயிலில் 40 சதவீதச் சலுகை இருந்தது, என் மனைவிக்கு 50. 2020 மார்ச் 20-ஆம் தேதி கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள், இன்றுவரை திரும்பத் தரவில்லை. மகள் வீடு சென்னையில், வருடத்துக்கு நான்கு தடவை போவோம், இப்போது இரண்டு தடவைதான். எங்களுக்கு 40 சதவீதம் கொடுக்கவே பணம் இல்லை என்கிற ரயில்வே, ஓய்வு பெற்ற ஊழியருக்கும் அவர் மனைவிக்கும் முழு இலவசம் கொடுப்பது எந்த வகையில் நியாயம்? மற்ற மத்திய அரசு ஊழியர்களுக்குக் கூட ரிட்டயர் ஆன பிறகு எல்டிசி என்கிற விடுமுறைப் பயணச் சலுகை கிடையாதே.

பொன்மலை ஓய்வு · நவம்பர் 4, காலை 11:05

ஐயா, உங்கள் சலுகையை நிறுத்தியது அநியாயம், அதில் எனக்கு வேறு கருத்தே கிடையாது. எங்கள் பென்ஷனர் சங்கக் கூட்டத்தில் நாங்களும் அதைத் தீர்மானமாகப் போட்டிருக்கிறோம்.

ஆனால் பாஸ் என்பது இலவசம் இல்லை. நான் 1971-இல் சேர்ந்தபோது பக்கத்து பெல் (பாரத மிகு மின் நிறுவனம்) தொழிற்சாலையில் என்னைவிடச் சம்பளம் அதிகம், என் தம்பி அங்கே போனான். என் அப்பா என்னிடம் சொன்ன வார்த்தை, "ரயில்வேல சம்பளம் கம்மிதான், பாஸ் இருக்கு, குவார்ட்டர்ஸ் இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு." அந்தக் கணக்கைப் போட்டுத்தான் வந்தோம். சம்பளத்தில் குறைந்ததை வேறு வழியில் கொடுத்தார்கள். எல்டிசி பற்றிச் சொன்னீர்கள், சரிதான், ஆனால் பாஸ் இருக்கிறது என்ற காரணத்தால் சர்வீஸில் இருந்தவரை எங்களுக்கு எல்டிசியே கிடையாது. இந்தியா முழுக்கப் போகிற எல்டிசியை ரயில்வேகாரன் எடுக்கலாம் என்று 2018-க்குப் பிறகுதான் வந்தது, அதுவும் பாஸை விட்டுக்கொடுத்தால்தான்.

ரிட்டயர் ஆனதும் பிடிஓ போய்விடும். சர்வீஸில் மூன்று செட் பாஸும், மூன்றில் ஒரு பங்கு கட்டணத்தில் போகிற பிடிஓ நான்கு செட்டும் இருந்தது. வெளியே வந்தால் 2 செட், அவ்வளவுதான்.

1974 மே மாதம் 20 நாள் ஸ்டிரைக்கில் நான் சின்னப் பையன், சேர்ந்து மூன்று வருடம். குவார்ட்டர்ஸ் வாசலில் போலீஸ் நின்றது. வேலை போனவர்கள் வீட்டில் பாஸும் போனது, ஊருக்குப் போகக்கூட வழியில்லாமல் இருந்தார்கள். 1977-இல் ஜனதா ஆட்சி வந்த பிறகுதான் அவர்களைத் திரும்ப எடுத்தார்கள். சும்மா கிடைத்தது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வரும்.

கோவைப் பயணி · நவம்பர் 4, மதியம் 1:30

எல்டிசி விவரம் எனக்குத் தெரியாது, சொன்னதற்கு நன்றி. சம்பளத்தில் ஒரு பகுதி என்று பார்த்தால் புரிகிறது. ஆனாலும் ஆபீசருக்கு 3 செட், ஃபிட்டருக்கு 2 செட் என்பதைக் கேள்விப்பட்டேன். வீட்டில் உட்கார்ந்த பிறகும் ஆபீசர், தொழிலாளி என்று என்ன பிரிவு?

பொன்மலை ஓய்வு · நவம்பர் 4, மதியம் 1:52

அது எனக்கும் பிடிக்காத விஷயம்தான். பதில் இல்லை.

கேங் வீட்டுப் பையன் · நவம்பர் 4, இரவு 9:10

பாஸ் இருக்கிறவர்கள் பேசுகிறீர்கள், பாஸே இல்லாத ரயில்வேகாரன் வீட்டிலிருந்து பேசுகிறேன்.

என் அப்பா கேங்மேன், தண்டவாளத்தைப் பராமரிக்கிற வேலை. 1979-இல் கேஷுவல் லேபராக, அதாவது நிரந்தரமில்லாத கூலியாளாக, டிராக்கில் இறங்கினார். ரெகுலர் ஆனது 1996-இல். 2014-இல் ரிட்டயர். ரெகுலர் ஆன தேதியிலிருந்து 18 வருடம்தான் வருகிறது, 20 இல்லை, அதனால் பாஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மொத்தம் 35 வருடம் தண்டவாளத்தில் நடந்த மனிதர். மழைக்காலத்தில் ராத்திரி ரோந்து போவார். கையில் ஒரு லாந்தர், இடுப்பில் டெட்டனேட்டர் (சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவரை எச்சரிக்கிற வெடி) டப்பா, தோளில் கொடி. மண் அரித்து ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் தண்ணீர் ஓடினால் தண்டவாளத்தின் மேல் டெட்டனேட்டரைக் கட்டி வண்டியை நிறுத்த வேண்டும். ஒரு நவம்பரில் அப்படி ஒரு பாசஞ்சரை நிறுத்தியிருக்கிறார். மறுநாள் காலை வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது கட்டைவிரல் நகம் இரண்டும் இல்லை, ஜல்லியில் போயிருக்கிறது, அதுவரை அவருக்கே தெரியவில்லை. நான் அப்போது எட்டாவது படித்தேன், தண்ணீர் ஊற்றியது நான்தான்.

அந்த வண்டியில் போனவர்களுக்கு இவர் யாரென்று தெரியாது, அது பரவாயில்லை. ஆனால் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து அவர் இன்று ரயில் ஏறினால் ஜெனரல் டிக்கெட் எடுத்துத்தான் ஏறுகிறார்.

அரக்கோணம் செல்வி · நவம்பர் 4, இரவு 9:48

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

ஒரு விஷயம் செய்யுங்கள். அப்பாவின் பிபிஓ-வை எடுத்து அதில் குவாலிஃபையிங் சர்வீஸ், அதாவது பென்ஷனுக்குக் கணக்கில் எடுத்த சர்வீஸ், எவ்வளவு என்று போட்டிருக்கிறது பாருங்கள். கேஷுவலாக இருந்த காலத்தில் பாதி பென்ஷனுக்குக் கணக்கில் வரும், டெம்பரரி ஸ்டேட்டஸ் (ரெகுலர் ஆவதற்கு முந்தைய தற்காலிக ஊழியர் நிலை) கிடைத்த தேதியையும் ரெகுலர் ஆன தேதியையும் நிறைய பேர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சுப்ரீம் கோர்ட் வரை போன விஷயம் இது. சர்வீஸ் ரெஜிஸ்டரில் டெம்பரரி ஸ்டேட்டஸ் தேதி என்ன என்று நகல் கேட்டு வாங்குங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அந்தத் தேதியை வைத்துக்கொண்டு பென்ஷன் அதாலத்தில், அதாவது பென்ஷன்காரர் குறைதீர்க்கும் கூட்டத்தில், மனுப் போடுங்கள். டிசம்பர் 15 வாக்கில் நடக்கும், மனுவை முன்கூட்டியே வாங்குவார்கள், அதனால் இந்த மாதமே விசாரியுங்கள். கண்டிப்பாகக் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாயால் சொன்ன பதிலோடு விட்டுவிடாதீர்கள், எழுத்தில் காரணம் வாங்குங்கள்.

கேங் வீட்டுப் பையன் · நவம்பர் 4, இரவு 10:02

பிபிஓ ஊரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். நன்றி அக்கா.

ஓய்வு டிரைவர் · நவம்பர் 5, காலை 5:30

பாஸ் பற்றிப் பேச்சு வந்ததால் ரிட்டயர் ஆகப்போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் லோகோ பைலட், பழைய பாஷையில் டிரைவர். என் அனுபவம் யாருக்கும் வர வேண்டாம்.

ஜூன் கடைசியில் ரிட்டயர் ஆனேன். குவார்ட்டர்ஸில் முதல் 4 மாதம் சாதாரண வாடகையில் இருக்கலாம். பிள்ளை படிப்பு, உடம்பு சரியில்லை என்று காரணம் காட்டி அனுமதி வாங்கினால் இன்னும் 4 மாதம் இரட்டை வாடகையில் இருக்கலாம். ஆக பிப்ரவரி கடைசி வரை எனக்கு அனுமதி. மகளுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. சரி, பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது, நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் கூரை போட்டு நிற்கிறது, காண்டிராக்டர் ஆளைக் காணோம். ஆகஸ்ட் கடைசியில்தான் காலி செய்தேன். ஆறு மாதம் கூடுதல். வாடகை தண்டம் பல மடங்கு என்று தெரியும், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் விதிமீறி இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு செட் ரிட்டயர்மென்ட் பாஸ் போகும் என்பதை யாரும் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஆறு செட். வருடத்துக்கு இரண்டு செட் கணக்கில் மூன்று வருடம் எனக்குப் பாஸ் கிடையாது.

36 வருடம் வண்டி ஓட்டியவன். ராத்திரி ராத்திரியாக மற்றவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவன். அந்த மூன்று வருடத்தில்தான் என் மனைவியின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் விஜயவாடாவுக்கு ஏழெட்டு தடவை போய்வர வேண்டியிருந்தது. தப்பு என்னுடையதுதான், விதி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செட்டில்மென்ட் பேப்பரில் முப்பது கையெழுத்து வாங்குகிறவர்கள் இந்த ஒரு வரியைத் தமிழில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்திருந்தால் நான் கடன் வாங்கியாவது வாடகை வீட்டுக்குப் போயிருப்பேன்.

யாழ்ப்பாணத்தான் · நவம்பர் 5, மதியம் 2:15

இந்த இழையை நேற்றிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கதையையும் ஒருக்கா சொல்கிறேன். இலங்கையில் இது ரயில்வே ஆட்களுக்கு மட்டுமில்லை, அரசாங்க உத்தியோகத்தர் எல்லாருக்கும் விடுமுறைக்குப் புகையிரத ஆணைச்சீட்டு உண்டு, நாங்கள் வாரண்ட் என்போம். ஓய்வூதியகாரருக்கும் பிரதேச செயலகத்தில் கொடுப்பார்கள்.

என் அப்பா ஆசிரியர், எண்பதுகளின் கடைசியில் ஓய்வு பெற்றவர். சண்டையால் 1990 ஜூனோடு கொழும்பிலிருந்து வாற யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் வருவது நின்றுபோச்சு. பிறகு தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை, பங்கருக்குக் கழட்டினதுதான் மிச்சம். மனுசனிடம் உரிமை இருந்தது, ஏறுறதுக்கு ரயில் இல்லை. 2014 ஒக்டோபரில் திரும்ப யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தபோது அவருக்கு 84 வயது. ஸ்டேசனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொழும்புக்குப் போவமோ என்று கேட்டேன். வேண்டாம், பார்த்தால் காணும் என்றார். பிளாட்போமில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தோம்.

ஃபிட்டர் மகன் தம்பி, அம்மா நடக்கக்கூடிய நேரத்திலேயே கூட்டிக்கொண்டு போய்விடுங்கோ.

ஃபிட்டர் மகன் · நவம்பர் 5, இரவு 11:20

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். லாந்தர் கதையைக் கேட்டுவிட்டு, இரவு சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டாள்.

செல்வி அக்கா சொன்னபடி நகல் எல்லாம் எடுத்துவிட்டேன். பிபிஓ தேடும்போது அப்பாவின் தகரப் பெட்டியில் பழைய பாஸ் ஒன்று கிடைத்தது. ரோஸ் காகிதம், மடித்த இடத்தில் கிழிந்து பின்பக்கம் பஸ் டிக்கெட்டை ஒட்டி வைத்திருக்கிறார். கார்பன் எழுத்து நீலமாக ஊறிப்போயிருக்கிறது. செல்ஃப், ஒய்ஃப், சன் 9 வயது என்று என்னையும் எழுதியிருக்கிறது. பிரேக் ஜர்னி, அதாவது வழியில் இறங்கிக்கொள்ளும் ஊர், என்ற இடத்தில் மூன்று ஊர் பெயர். அந்தப் பயணம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வண்டி கிளம்பியதும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துச் சக்கரச் சத்தத்தைக் கேட்பார். எங்கேயாவது டக் டக் டக் என்று ஒரே சீராக வந்தால், "இந்தக் கோச்ல ஃபிளாட் இருக்கு, அடுத்த ஸ்டேஷன்ல சொல்லணும்" என்பார். சக்கரம் ஒரு இடத்தில் தேய்ந்து தட்டையாகியிருப்பதைத்தான் அப்படிச் சொல்வார். வண்டி நின்றதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய் யாரையாவது பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் வருவார். லீவில் குடும்பத்தோடு போகும்போதும் அப்படித்தான். அம்மா ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டே இருப்பாள், வண்டி எடுத்துவிடுமோ என்று.

ஒரு சந்தேகம். அம்மாவோடு நானும் போக வேண்டும், எனக்குத் தனியாகப் பணம் கட்டி டிக்கெட் எடுப்பேன். ஒரே பெட்டியில் இடம் கிடைக்குமா? வண்டி எது நல்லது?

அரக்கோணம் செல்வி · நவம்பர் 6, காலை 7:05

பாஸ் டிக்கெட் தனி, உங்கள் டிக்கெட் தனி, இரண்டு பிஎன்ஆர் வரும். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான், அந்த முதல் நாளே காலை எட்டு மணிக்குக் கவுன்டரில் நின்று இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் பெரும்பாலும் ஒரே பெட்டியில் விழும். 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கீழ் பெர்த் இருந்தால் கம்ப்யூட்டரே கொடுத்துவிடும், வயதை மட்டும் சரியாக எழுதுங்கள்.

சென்னை சென்ட்ரலிலிருந்து கங்கா காவேரி வாரத்துக்கு இரண்டு நாள், நேராக வாரணாசி. ராமேஸ்வரத்திலிருந்து வாரணாசியிலேயே இருக்கிற பனாரஸ் ஸ்டேஷனுக்கும் வாரம் ஒரு வண்டி இருக்கிறது. காசி ராமேஸ்வரம் இரண்டையும் முடிக்க நினைப்பவர்கள் ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடி மணல் எடுத்துக்கொண்டு அந்த வண்டியில் ஏறுவார்கள். பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்துவிட்டதால் இப்போது ராமேஸ்வரம் வரைக்கும் வண்டி போகிறது.

பாஸ் விண்ணப்பிக்கும்போது பிரேக் ஜர்னி இடத்தில் பிரயாக்ராஜ் போட்டுவிடுங்கள். திரிவேணியில் இறங்காமல் உங்கள் அம்மா வர மாட்டார்கள்.

பொன்மலை ஓய்வு · நவம்பர் 6, காலை 8:30

ஜனவரியில் போகாதீர்கள் தம்பி. பனிமூட்டத்தில் வடக்கே வண்டி எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நின்றுவிடும். பாஸை டிசம்பருக்குள் எடுத்து வைத்துக்கொண்டு பிப்ரவரி கடைசியில் போங்கள்.

கேங் வீட்டுப் பையன் · நவம்பர் 10, இரவு 8:40

பிபிஓ பார்த்துவிட்டேன். குவாலிஃபையிங் சர்வீஸ் 22 வருடம் சில மாதம் என்று போட்டிருக்கிறது. 18 இல்லை. பதினோரு வருடமாகப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது, ஆங்கிலத்தில் இருந்ததால் அப்பா படித்ததில்லை, நானும் பென்ஷன் தொகையை மட்டும்தான் பார்த்தேன். அதாலத்துக்கு மனு எழுதிவிட்டேன். நாளை நேரில் கொடுத்துச் சீல் வாங்குகிறேன்.

பொன்மலை ஓய்வு · நவம்பர் 10, இரவு 8:55

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி. காகிதத்தோடு ஆளும் எதிரில் நிற்கட்டும்.

கோவைப் பயணி · நவம்பர் 10, இரவு 9:30

22 வருடம் என்று காகிதத்தில் இருக்கும்போது எப்படி இல்லை என்று சொன்னார்கள்? கொடுத்தே ஆக வேண்டும். என்ன ஆனது என்று இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

ஃபிட்டர் மகன் · டிசம்பர் 19, மாலை 6:15

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். இரண்டாவது முறை போனபோது வேறு ஒரு கிளார்க் இருந்தார், வயதில் சின்னப் பெண். மனுவைப் படித்துவிட்டு அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தார். கணக்கில் பெயர் ஏற மூன்று வாரம் ஆனது. நேற்று மாலை அம்மாவின் பட்டன் போனுக்கு ஓடிபி வந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அம்மாவே படித்தாள், நான் தட்டினேன். பாஸ் நம்பர் வந்துவிட்டது. போக வர ஸ்லீப்பர் கிளாஸ், பிரயாக்ராஜ் பிரேக் ஜர்னியோடு.

"காகிதம் எங்கடா?" என்று கேட்டாள். காகிதம் கிடையாதும்மா, நம்பர்தான் என்றேன். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தெருமுனைக் கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தேன், கடைக்காரரிடம் கேட்டு ரோஸ் பேப்பரிலேயே எடுத்தேன். இப்போது தகரப் பெட்டியில் அப்பாவின் பாஸுக்கு மேலே இருக்கிறது. பிப்ரவரி கடைசி வாரம் கங்கா காவேரி, இந்த மாதக் கடைசியில் முன்பதிவு திறக்கும்.

பொன்மலை ஓய்வு · டிசம்பர் 19, இரவு 7:40

ரொம்ப சந்தோஷம் தம்பி. அம்மாவின் ஆதார் ஒரிஜினலைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள், பாஸ் டிக்கெட் என்றால் டிடிஇ கட்டாயம் கேட்பார். பிப்ரவரியிலும் அங்கே விடிகாலையில் குளிரும். ஒரு கம்பளியும், அம்மாவுக்குக் காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேங் வீட்டுப் பையன் தம்பி, அதாலத் என்ன ஆனது?

கேங் வீட்டுப் பையன் · டிசம்பர் 19, இரவு 9:05

கூட்டிக்கொண்டு போனேன் ஐயா. சர்வீஸ் ரெஜிஸ்டரை வரவழைத்துப் பார்த்துவிட்டு எழுத்தில் பதில் சொல்கிறோம் என்று மனுவில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா அந்த நகலை வாங்கி இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வந்ததும் எழுதுகிறேன்.